பரணில் கிடைத்த குண்டு அச்சு: யார் செய்தது, எவ்வளவு பெறும், வீட்டில் வைக்கலாமா?

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒருவர் ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்யணும். அப்போதுதான் பரணில் இருப்பதெல்லாம் கீழே இறங்கும். வெண்கல உருளி, தாத்தா காலத்து டிரங்குப் பெட்டி, அதற்குள் துரு ஏறிய இடுக்கி மாதிரி ஒன்று. பாக்குவெட்டியா, பல் பிடுங்கும் குறடா என்று வீட்டில் விவாதம் நடக்கும். கடைசியில் பழைய இரும்புக் கடையில் எடை போட்டு, டீ செலவுக்குத் தேறும் காசோடு கதை முடிந்துவிடும்.

அந்த இடுக்கியின் இரண்டு தாடைகளையும் விரித்துப் பாருங்கள். உள்ளே இரு பக்கமும் அரைக்கோளமாகக் குழி, மேலே சின்னதாக ஒரு வாய் இருந்தால் அது துப்பாக்கிக் குண்டு வார்க்கும் அச்சு. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். அதை அந்த வாய் வழியாக ஊற்றி, இறுகியதும் தாடையைத் திறந்தால் உருண்டையாகக் குண்டு விழும். வாயில் மிச்சம் நிற்கும் ஈய வாலை வெட்ட, பல அச்சுகளில் கைப்பிடிப் பக்கமே ஒரு வெட்டியும் இருக்கும். பாக்குவெட்டி குழப்பம் வருவது அதனால்தான்.

இந்த ஊர்ப் பக்கம் இது எப்படி வந்தது?

கடலூர் மாவட்டத்தில் கேட்கவே வேண்டாத கேள்வி இது. 1690-ல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடம் விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரைக்கும் நிலம் அவர்களுக்கு என்று பேச்சு. கடலூரில் 'குண்டு உப்பலவாடி' என்ற பெயர் இன்றும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. 1781 ஜூலை 1-ல் பரங்கிப்பேட்டையில் ஐதர் அலியும் அயர் கூட்டும் மோதினார்கள். 1783-ல் கடலூரில் பிரெஞ்சுப் படையை ஆங்கிலேயர் முற்றுகையிட்டார்கள். போர் ஒரு பக்கம் என்றால், வேட்டைக்கும் வயல் காவலுக்கும் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்த குடும்பங்கள் இன்னொரு பக்கம். ஆகவே அச்சு கிடைத்த உடனே 'ஐதர் அலி காலத்தது' என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட வேண்டாம். வேட்டைக்காரர் வீட்டு அச்சாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

குழியின் வடிவம் என்ன சொல்கிறது?

முதலில் பார்க்க வேண்டியது பெயரை அல்ல, குழியை. முழு உருண்டை என்றால் வாய் வழியே மருந்தும் குண்டும் கெட்டிக்கிற பழைய வகைத் துப்பாக்கிக்கானது. கூம்பாக, ஒரு முனை கூராக இருந்தால் 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்தது. பிரான்ஸில் உருவான மினியே குண்டை 1851-ல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட பிறகுதான் இந்த வடிவம் பரவியது. கூம்பைச் சுற்றி வளையம் வளையமாகப் பள்ளம் இருந்தால், அது கொழுப்பு தடவுவதற்கு. (1857 கிளர்ச்சியில் பிரச்சினையானது தோட்டாவின் காகித உறையில் இருந்த கொழுப்பு. அது வேறு.)

உருண்டைக் குழியைக் காலம் கணிக்க மட்டும் நம்பக் கூடாது. நாட்டுத் துப்பாக்கிக்கு உருண்டைக் குண்டு வார்ப்பது 20-ம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது.

தாடை மேல் ஒரு எண் மட்டும் இருக்கிறதா?

பழைய ஆங்கில அச்சுகளில் 14, 16, 24 என்று தனியாக ஒரு எண் குத்தியிருப்பார்கள். வருஷமோ வரிசை எண்ணோ இல்லை. ஒரு பவுண்டு ஈயத்தில், அதாவது 453.6 கிராமில், அந்த அளவில் எத்தனை குண்டு வார்க்கலாம் என்ற கணக்கு. 16 என்றால் ஒரு குண்டு சுமார் 28 கிராம், விட்டம் 16.8 மில்லிமீட்டர். 14 என்றால் 32 கிராம், 17.6 மில்லிமீட்டர். கம்பெனி சிப்பாய்கள் தூக்கிய 'பிரவுன் பெஸ்' வகை மஸ்கட் குண்டு ஏறக்குறைய இந்த 14 அளவுதான். எண் பெருசாகப் பெருசாகக் குண்டு சின்னதாகும்.

நெய்வேலியில் வெர்னியர் காலிப்பர் இல்லாத ஃபிட்டர் வீடு குறைவு. குழிக்குள் மெழுகையோ குழந்தைகள் விளையாடும் களிமண்ணையோ அழுத்தி எடுத்து அளந்தால் போதும். ஈயம் காய்ச்சி ஊற்றிப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். ஈயப் புகை விஷம். அதைவிடப் பெரிய சிக்கல் சட்டத்தில் இருக்கிறது, கீழே வருகிறது.

செய்தவர் பெயர்

கீல் பக்கமும் தாடையின் வெளிப்புறமும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். 'டபிள்யூ. டேவிஸ்' என்றால் 19-ம் நூற்றாண்டின் முற்பாதி இங்கிலாந்துக் கருவி. 'டிக்சன்', 'ஹாக்ஸ்லி' இரண்டும் ஷெஃபீல்டு நகரத்து நிறுவனங்கள். மருந்துக் குடுவைக்கும் பேர் போனவை. அம்புக்குறியும் அதன் கீழே 'ஐ' எழுத்தும் சேர்ந்திருந்தால் இந்திய அரசின் ராணுவச் சொத்தாக இருந்தது.

அமெரிக்க அச்சு என்றால் வேலை இன்னும் சுலபம். 'ஐடியல்' நிறுவனத்தை 1884-ல் ஜான் பார்லோ தொடங்கினார். 1910-ல் அது மார்லின் கைக்குப் போய், 1925-ல் லைமன் கைக்கு வந்தது. ஆக, பெயரே காலத்தைச் சொல்லிவிடும். இவற்றில் 429421 என்பது போல ஆறு இலக்க எண் இருக்கும். முதல் மூன்று இலக்கம் குண்டின் விட்டம், அதாவது 0.429 அங்குலம். மீதி மூன்றும் டிசைன் எண்.

எதுவுமே இல்லையா? உள்ளூர்க் கொல்லர் கை வேலையாக இருக்கலாம். இரண்டு குழியும் துல்லியமாகப் பொருந்தாமல் இருப்பது, கைப்பிடியில் சம்மட்டி அடித்த தடம், இவை அதற்கான அடையாளம்.

சரி, காசு எவ்வளவு?

ஏமாற்றத்துக்குத் தயாராக இருங்கள். தனி அச்சு பெரிய விலை போகும் பொருள் அல்ல. வெளிநாட்டுச் சந்தையில் சாதாரண லைமன் அச்சு சில பத்து டாலருக்கே கிடைக்கும். துப்பாக்கி, மருந்துக் குடுவை, அச்சு மூன்றும் அதே பெட்டியில் ஜோடியாக இருந்தால்தான் விலை எகிறும். ஏலத்தில் லட்சங்களில் போகும் பிரபல பெட்டிகள் அப்படிப்பட்டவை. அதனால் டிரங்குப் பெட்டியில் கூடவே கிடந்த கட்டைப் பெட்டியையும் லேபிள் ஒட்டிய தகர டப்பாவையும் தூக்கி எறியாதீர்கள். எமரி தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்தால் முத்திரையும் போகும், மதிப்பும் போகும்.

உள்ளூர்க் கொல்லரின் பெயரில்லாத அச்சுக்கு விலை இன்னும் குறைவு. ஆனால் ஷெஃபீல்டு அச்சுகளைப் பற்றி எழுதிய புத்தகங்கள் உண்டு. நம்ம ஊர் கொல்லரைப் பற்றிய தடயம் அந்த இரும்பு ஒன்றுதான். எடைக்குப் போட்டால் அதுவும் போச்சு.

இப்போது சட்டம்

1959 ஆயுதச் சட்டம் 'வெடிபொருள் தோட்டா' என்பதற்குத் தரும் விளக்கத்துக்குள் அவற்றைத் தயாரிக்கும் சாதனங்களும் அடங்கும். பழங்கால, பயன்படுத்தவே முடியாத ஆயுதத்துக்கு அதே சட்டத்தில் விலக்கு உண்டுதான். ஆனால் அந்த விலக்கு ஆயுதத்தைப் பற்றியது. அச்சுக்கு நூறு வயசானாலும் ஈயம் ஊற்றினால் குண்டு வரும். 'பழசு சார்' என்ற வாதம் எடுபடும் என்று நம்பி ஓஎல்எக்ஸில் போட்டோ போடுவது ஆபத்து. உரிமம் இல்லாமல் தோட்டா தயாரித்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை 7 ஆண்டு முதல் ஆயுள் வரை.

100 வருஷம் தாண்டியது என்றால் 1972 தொல்பொருள் சட்டமும் சேரும். தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அமெரிக்க கலெக்டர் டாலரில் கேட்டாலும் சரி. பரணில் அல்லாமல், வீடு கட்டத் தோண்டும்போது மண்ணுக்குள் கிடைத்தால் 1878 புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆட்சியர் என்றால் இங்கே கடலூர்.

நடைமுறையில் செய்யக்கூடியது இது: தாத்தாவின் துப்பாக்கி உரிமப் புத்தகம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள், அச்சு எப்படி வீட்டுக்கு வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. அச்சைப் போட்டோ எடுத்து, குழி அளவையும் குறித்துக்கொண்டு, விவரத்தை எழுத்தில் காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். அடையாளம் தெரிய வேண்டுமென்றால் கடலூர் அரசு அருங்காட்சியகத்தில் கேட்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க, தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்கள் இருக்கும் எழும்பூர் அருங்காட்சியகம் இருக்கிறது. போகும்போது போட்டோவை மட்டும் கொண்டுபோங்கள். அச்சைப் பையில் போட்டு பஸ் ஏற வேண்டாம்.