அயலில் வாழும் உயிர்கள்: பனி கடித்த காதுகள்

போன கிழமை, குப்பைத்தொட்டியைக் கிளறும் ரக்கூனைப் பற்றி எழுதினேன். அதே குப்பைத்தொட்டியைத் தேடிப் பதுங்கி வரும் இன்னொரு பிராணியும் எங்கள் ஒன்ராறியோ நகரான விட்பியில் உண்டு. சாம்பல் மயிர், வெள்ளை முகம், கூரிய மூக்கு, மயிரில்லாத நீண்ட வால். அந்த வாலைக் கண்டதும் “எவ்வளவு பெரிய எலி!” என்று எங்கள் ஆட்கள் கதவைச் சாத்திவிடுகிறார்கள். இது எலி இனமே அல்ல. வேர்ஜீனியா ஒப்போசம். கங்காருவைப்போல வயிற்றுப் பையில் குட்டி வளர்ப்பது. மெக்சிக்கோவுக்கு வடக்கே இந்த வகையில் இது ஒன்றுதான் இருக்கிறது.

கரு வயிற்றில் இருப்பது 13 நாள் அளவுதான். தேனீ அளவில், கண் திறவாமல் பிறக்கும் குட்டிகள், தாயின் மயிரைப் பற்றி ஊர்ந்து தாங்களாகவே பைக்குள் போய்ச் சேரவேண்டும். உள்ளே பெரும்பாலும் 13 முலைக்காம்புகள். பிறப்பதோ சில வேளை 20க்கும் மேல். காம்பு அகப்படாத குட்டி செத்துவிடும். அகப்பட்ட குட்டியின் வாய்க்குள் காம்பு வீங்கி இறுகிக்கொள்ளும். இரண்டு மாதமளவு அது அப்படியே தொங்கிக் கிடக்கும். பிறகு தாயின் முதுகில் சவாரி. இவ்வளவு பாடுபட்டு வளர்ந்தும், காட்டில் ஆயுள் ஒன்றிரண்டு வருடம்தான்.

ஆபத்து வந்தால் 50 பற்களையும் காட்டிச் சீறும். அதற்கும் எதிரி விலகாவிட்டால் விழுந்துவிடும். நாக்கு வெளியே தள்ளும், எச்சில் வடியும், பின்புறத்திலிருந்து நாற்றமெடுக்கும் பச்சை நீர் கசியும். நடிப்பு என்கிறார்கள்; அது அதன் விருப்பத்தில் நடப்பதல்ல, உடலே அப்படி அடங்கிவிடுகிறது. சில மணி நேரம்கூடக் கிடக்கும். தள்ளி நின்றால் தானாக எழுந்து போகும். விசர்நோய் இதற்கு வருவது மிக அரிது.

ஆயிரக்கணக்கான உண்ணிகளைத் தின்னும் என்று இதைப் புகழ்வோர் உண்டு. 2021இல் வெளிவந்த ஆய்வில், காட்டு ஒப்போசங்களின் வயிற்றில் ஓர் உண்ணிகூட அகப்படவில்லை. எங்களுக்குப் பயன்பட்டால்தான் ஓர் உயிர் வாழலாமா என்ன?

இதன் உண்மையான எதிரி குளிர். தெற்கே, வெப்பமான நாடுகளில் உருவான உடல் இது. ஒன்ராறியோப் பனிக்கு ஏற்றதல்ல. குளிர்கால உறக்கமும் இல்லை. இலைச் சருகை வாலில் சுருட்டிக்கொண்டு போய், வீட்டின் பின்பக்க டெக்குக்குக் கீழோ, வேறு பிராணி தோண்டிய வளையிலோ படுக்கை போடும். கடுங்குளிரில் உடம்பின் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு உள்ளேயே கிடக்கும். கொழுப்புத் தீர்ந்தால் பட்டப்பகலிலும் வெளியே வந்தாகவேண்டும். மயிரில்லாத காது நுனியும் வால் நுனியும் பனியில் கருகி உதிர்ந்துவிடும். மாசியிலோ பங்குனியிலோ பகலில் ஒன்றைக் கண்டால் அதற்கு விசர் என்று எண்ணவேண்டாம். பசிதான்.

விட்பியின் லிண்ட் ஷோர்ஸ் சதுப்பு நிலத்தை அண்டிய தெருக்களில் இரவில் மெதுவாக ஓட்டுங்கள். தெருவில் அடிபட்ட பிராணிகளைத் தின்ன வந்து, தானும் அடிபடுவது இதன் வழக்கம். தாய் செத்தாலும் பைக்குள் குட்டிகள் உயிரோடு இருக்கக்கூடும். அவற்றைக் காம்பிலிருந்து பிடுங்காதீர்கள்; வாய் கிழிந்துவிடும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பால் பருக்கவும் வேண்டாம். உடனே ரொறன்ரோ வைல்ட்லைஃப் சென்டர் போன்ற ஒரு மீட்பு நிலையத்தை அழைத்து, அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள்.