வாசலுக்கு வெளியே இருக்கிறது வைத்தியம்

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் உடனே மருந்துக்கு ஓடுகிறோம். அந்தக் காய்ச்சல் எங்கிருந்து வந்தது என்று வாசலுக்கு வெளியே எட்டிப் பார்ப்பவர் குறைவு. குடியிருப்பு அமைந்துள்ள விதமே நோயைக் கொடுக்கவும் கூடும், தடுக்கவும் கூடும். இதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு.

1901ஆம் ஆண்டு கிள்ளான் பட்டணம் மலேரியாக் காய்ச்சலில் துவண்டு கிடந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று கிள்ளான் துறைமுகம் என்று நாம் சொல்வது அதுதான். விரைவிலேயே அங்கு வேலை செய்தவர்களும் காய்ச்சலில் விழுந்தார்கள். துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது.

அப்போது கிள்ளானில் அரசாங்க மருத்துவராக இருந்தவர் மால்கம் வாட்சன். கொசுவின் உடலில் மலேரியாக் கிருமி இருப்பதை இந்தியாவில் ரோனால்ட் ராஸ் 1897இல் கண்டறிந்திருந்தார். ஆகவே, வாட்சன் மருந்து கொடுப்பதோடு நின்றுவிடவில்லை. காட்டை வெட்டி, சதுப்பு நிலத்தில் கால்வாய் தோண்டி, தேங்கிய நீரை வடியவிட ஏற்பாடு செய்தார். சில ஆண்டுகளில் காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது.

ஆனால், மலைப்பாங்கான தோட்டங்களில் இதே முறை பலிக்கவில்லை. கடலோரக் கொசு காட்டு நிழலில் தேங்கிய நீரில் வளர்வது. மலைத் தோட்டத்துக் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடையில் வளர்வது. காட்டை வெட்டியதும் அதற்கு வசதியாகிவிட்டது. ஓடையருகே லயங்களில் வாழ்ந்த நம் முன்னோர் பலர் மலேரியாவுக்குப் பலியாயினர். பிறகு ஓடை நீரை மண்ணுக்கடியில் குழாய் வழியே விட்டும், எண்ணெய் தெளித்தும் கொசுவை அடக்க வேண்டியிருந்தது. இடமறிந்து திட்டமிட வேண்டும் என்பதே இதில் நாம் கற்கும் பாடம்.

2018ஆம் ஆண்டில் மனிதரிடையே பரவும் மலேரியா, மலேசியாவில் உள்ளூர்த் தொற்றாக ஒன்றுகூடப் பதிவாகவில்லை. குரங்குகளிடமிருந்து வரும் வகை மட்டும் இன்னும் உண்டு. டிங்கிக் காய்ச்சலோ நம்மை விட்டபாடில்லை. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சதுப்பு நிலம் தேவையில்லை. பூச்சட்டித் தட்டு, மூடாத தண்ணீர்த் தொட்டி, எறிந்த டயர் ஆகியவற்றில் நிற்கும் நீரே போதும். மாடி வீட்டுக்கும் அது வரும்.

தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயரும் குடும்பங்கள் வாடகையையும் அறைகளையும் மட்டும் பார்த்தால் போதாது. மழைநீர் வடிகிறதா? குப்பை எங்கே கொட்டப்படுகிறது? அறைக்குள் காற்றும் வெளிச்சமும் வருகின்றனவா? பிள்ளைகள் ஓடியாட இடமும், பெரியவர்கள் உட்கார நிழலும் உண்டா? இவற்றையும் விசாரியுங்கள்.

இன்னொன்று. தீபகற்ப மலேசிய மாநிலங்களில் 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, ஒரு வட்டாரத்துக்கான திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆட்சேபம் இருந்தால் குறிப்பிட்ட காலத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். நாலு குடும்பங்கள் சேர்ந்து, படித்த பிள்ளைகளைக் கொண்டு எழுதுங்கள். வீடு கட்டி முடிந்தபின் கால்வாய் இல்லையே என்று அழுது பயனில்லை.

அதுவரை, வாரம் ஒருமுறை குடும்பத்தோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். நிற்கும் நீரைக் கொட்டுங்கள். அடைத்த கால்வாயைத் திறந்துவிடுங்கள். கிள்ளானைக் காப்பாற்றிய வைத்தியமும் அங்கேதான் தொடங்கியது.