தகரத்துக்கும் களைப்பு உண்டு

மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்து லயக்கூரைகளில் மணல் மூட்டையும் பழைய டயரும் கிடப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் தகரம் பறந்துவிடும் என்ற பயம்தான். "பறக்காத தகரம் எது நானா?" என்று ஹாட்வெயார் கடையில் கேட்டால், "இது ஹைடென்சில், லேசில் வளையாது" என்று பதில் வரும். பதிலில் பாதிதான் உண்மை.

சாதாரண மெல்லுருக்கு ஏறத்தாழ 250 மெகாபாஸ்கல் தகைப்பில் நிரந்தரமாக வளையத் தொடங்கும். கூரைக்கு வரும் உயர்வலிமைத் தகட்டில், ஜி550 என்ற வகைக்கு, அந்த எல்லை 550. உருக்கைச் சூடாக்காமல் அழுத்தி உருட்டி மெலிதாக்குவதால் வரும் பலம் இது. அரை மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்பில் கூரை போட முடிவதும் இதனால்தான். ஆனால் பலம் கூடக்கூட இழுபடும் குணம் குறையும். மெல்லுருக்கு நன்றாக நீண்டு, எச்சரித்துவிட்டு அறும். இது அதிகம் நீளாமலே கிழியும்.

மணல் மூட்டை நிலையான சுமை. தகடு சற்றுத் தாழ்கிறது. மூட்டையை எடுத்தால் பழைய நிலைக்கு வருகிறது. எல்லையைத் தாண்டாத வரை எத்தனை மாதம் வைத்தாலும் அவ்வளவுதான். ஈயம் போல, உருக்கு நமது குளிரில் மெல்ல மெல்லத் தொய்ந்துபோவதில்லை. (மூட்டையின் ஈரம் பூச்சை அரித்துத் துருவை வரவழைக்கும், அது வேறு சங்கதி.)

காற்றின் வேலை அப்படியல்ல. அது கூரையை மேலே உறிஞ்சும், விடும், மறுபடி உறிஞ்சும். ஒரே இரவில் இது ஆயிரக்கணக்கான தடவை நடக்கலாம். தகடு முழுவதையும் பார்த்தால் தகைப்பு எல்லைக்குள்தான் இருக்கும். திருகாணித் துளையின் விளிம்பில் கதை வேறு. விரிந்த தகட்டை ஒரு பக்கமாக இழுத்தால் வட்டத் துளையின் ஓரத்தில் தகைப்பு மூன்று மடங்காகிறது. அதோடு ஆணித்தலையைச் சுற்றித் தகடு குழிந்து குழிந்து நிமிர்கிறது. அங்கே மயிரிழை வெடிப்பு பிறந்து, ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் வளர்கிறது. கடைசியில் ஆணி மரத்திலேயே நிற்க, தகடு மட்டும் போய்விடும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து உடைப்போமே, அதே கணக்குத்தான்.

உலகம் இதைப் பெரிய விலை கொடுத்துப் படித்தது 1974 டிசம்பர் 25இல். அவுஸ்திரேலியாவின் டார்வின் நகரை அழித்த டிரேசி சூறாவளியில் பல கூரைகள் போனது இந்தக் களைப்பினால்தான். தகடுகள் நிலையான சுமைக்கு மட்டும் சோதிக்கப்பட்டவை. அதன்பின் 10,000 தடவை சுமையேற்றி இறக்கும் சோதனை அங்கே கட்டாயமானது.

ஆகவே, என் அபிப்பிராயத்தில், விலைகூடிய தகரத்துக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கை ஆணிக்கும் அகலமான வாசருக்கும் ஒதுக்குவது மேல். அகல வாசர் குழிவைக் குறைக்கும். உறிஞ்சல் கடுமையாக இருப்பது கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் முகட்டிலும். ஆணி நெருக்கமாக வேண்டியது அங்கேதான். இறுக்கம் கூடித் தகடு நசுங்கினால் வெடிப்புக்கு நாமே இடம் கொடுத்ததாகும். லயங்களில் இதையெல்லாம் தீர்மானிப்பது பெரும்பாலும் தோட்ட நிர்வாகம்தான், அடியில் படுப்பவர்கள் அல்லர். கூரை மாற்றிக் கொடுக்கும்போது "எத்தனை கேஜ்?" என்று கேட்பதோடு "ஓரத்தில் எத்தனை ஆணி?" என்றும் கேட்க வேண்டும்.

காற்றுக்காலம் முடிந்ததும் பாஸைக் கொண்டு ஓரத்து ஆணிகளைப் பார்ப்பிக்கலாம். தலையைச் சுற்றி நட்சத்திரம் போலக் கீறல் தெரிந்தால், பெரிய ஆணியை அதே துளையில் முறுக்கிப் பயனில்லை. அந்தத் தகட்டையே மாற்ற வேண்டும்.