கொழுப்பு குறைந்தால் மூளையில் ரத்தம் கசியுமா?

பக்கவாதத்தோடு வந்தவருக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடும் முன் உறவினரிடம் ஒரு கையெழுத்து கேட்பார்கள். கேட்கும்போதே டாக்டர் சொல்லிவிடுவார்: “இந்த மருந்தால சில பேருக்கு மூளைக்குள்ள ரத்தம் கசியலாம்.” வாய் கோணி, ஒரு பக்கக் கையும் காலும் அசையாமல் கிடப்பவரைப் பார்த்தபடி தாளை வாங்குகிறவருக்கு இந்த ஒரு வரிதான் காதில் விழும். ஊருக்கு போன் போட்டு அண்ணனிடம் கேட்கலாமா, மாமாவிடம் கேட்கலாமா என்று யோசிப்பதிலேயே கால் மணி நேரம் போய்விடும்.

அந்த வரிக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அது 1995 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியானது. அறிகுறி தொடங்கி 3 மணி நேரத்துக்குள் வந்த 624 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஆல்ட்டிபிளேஸ் என்ற மருந்தும் மற்றதற்கு வெறும் போலி மருந்தும் கொடுத்தார்கள். மருந்து பெற்றவர்களில் 6.4 சதவீதம் பேருக்கு, நிலைமையை மோசமாக்கும் அளவுக்கு மூளையில் ரத்தம் கசிந்தது. மற்றவர்களில் அது 0.6 சதவீதம்தான். பத்து மடங்கு வித்தியாசம்! இந்த மருந்தை அங்கேயே மூட்டைகட்டி வைத்திருக்க வேண்டாமா? வைக்கவில்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, ஊனம் இல்லாமலோ மிகக் குறைந்த ஊனத்துடனோ தேறியவர்கள் மருந்து பெற்ற பிரிவில்தான் கணிசமாக அதிகம். இறப்பும் கூடவில்லை: மருந்து பெற்றவர்களில் 17 சதவீதம், பெறாதவர்களில் 21 சதவீதம். மறு ஆண்டே அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது.

ஆனாலும் நூற்றில் அந்த ஆறு பேர் உறுத்திக்கொண்டே இருந்தார்கள். யாருக்குக் கசியும் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா? வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, பக்கவாதத்தின் தீவிரம், வந்து சேர்ந்த நேரம் என்று தேடிக்கொண்டு போனபோது, யாரும் எதிர்பாராத ஒன்றும் பட்டியலில் ஏறியது. ரத்தத்தில் கொழுப்பு குறைவாக இருப்பது! 2007-ல் லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவர்கள், கட்டியைக் கரைத்தோ கருவியால் வெளியே எடுத்தோ சிகிச்சை பெற்ற நூறு பேருக்குச் சற்று அதிகமானவர்களை ஆராய்ந்தார்கள். எல்.டி.எல். குறைவாக இருந்தவர்களிடம்தான் ஆபத்தான கசிவு அதிகம் தெரிந்தது. காலமெல்லாம் ‘கெட்ட கொழுப்பு’ என்று சபித்துவந்த அதே எல்.டி.எல்.

இது எப்படி நடக்கலாம் என்று புரிய, முதலில் அந்த ஊசி என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். கட்டியைப் பிணைத்து வைத்திருப்பது ஃபைப்ரின் என்ற புரத இழைகள். அவற்றை அறுக்கும் நொதி நம் ரத்தத்திலேயே தூங்கிக்கொண்டிருக்கிறது. ஆல்ட்டிபிளேஸ் அதை எழுப்பிவிடுகிறது, அவ்வளவுதான். உடல் எடையில் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம் வீதம், எப்படிப் போனாலும் 90-ஐத் தாண்டாமல் கொடுப்பார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு 54 மி.கி. அதில் 5.4 மி.கி. ஒரு நிமிடத்தில் நரம்பில் நேராக ஏறும், மிச்சம் 48.6 மி.கி. ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்கும். மருந்தின் வீரியம் சில நிமிடங்களிலேயே பாதியாகிவிடுவதால்தான் இந்தச் சொட்டு ஏற்பாடு. (இதன் தம்பி டெனக்டிபிளேஸ் ரத்தத்தில் கூடுதல் நேரம் தங்கும், ஒரே ஊசியில் வேலை முடிந்துவிடும்.)

கட்டி அடைத்திருந்த நேரத்தில் பட்டினி கிடந்தது மூளைத் திசு மட்டுமல்ல. அங்கே ஓடும் நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவரும்தான். சுவர்ச் செல்களின் இணைப்பு தளரும், அடியில் இருக்கும் சவ்வை நொதிகள் அரிக்கும். வெடித்துக் கிடக்கும் வாய்க்காலில் மதகைத் திறந்துவிட்டாற்போல, கட்டி கரைந்ததும் ரத்தம் அந்தச் சுவர்களின் மேல் பாய்கிறது. அடைப்பு நீடித்த ஒவ்வொரு நிமிடமும் சுவரை இன்னும் பலவீனமாக்குகிறது. இந்த ஊசிக்கு இப்போது பொதுவாக நாலரை மணி நேரக் கெடு வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதில் கொழுப்புக்கு என்ன வேலை? செல்லின் தோலே கொலஸ்ட்ரால் கலந்து நெய்ததுதான். அது மிகவும் குறைந்தால் ரத்தக்குழாய்ச் சுவர் உறுதி இழக்கும் என்பது ஒரு விளக்கம். ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளும் வேகமும் மட்டுப்படும் என்பது இன்னொன்று. இரண்டும் நம்பும்படியான விளக்கங்களே. ஆனால் நம்பும்படியான விளக்கம் வேறு, நிரூபணம் வேறு.

ஊசிக் கதையை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தாலும் கொழுப்புக்கும் மூளைக் கசிவுக்கும் பழைய வழக்கு ஒன்று உண்டு. 20-ம் நூற்றாண்டின் நடுவில் ஜப்பானின் வடகிழக்குக் கிராமங்களில், குறிப்பாக அகிதா பகுதியில், மூளை ரத்தக்கசிவால் மக்கள் கொத்துக்கொத்தாக இறந்தார்கள். சோறு, உப்பில் ஊறிய காய்கறி, மிசோ சூப். இறைச்சியும் பாலும் அபூர்வம். ரத்தத்தில் கொழுப்பு குறைவு, ரத்த அழுத்தமோ எகிறிக் கிடந்தது. பிறகு உப்பைக் குறைத்தார்கள், பிரஷருக்கு மாத்திரை வந்தது, சாப்பாடும் மாறியது. கசிவு வெகுவாகக் குறைந்தது. 1989-ல் அமெரிக்காவில் சுமார் மூன்றரை லட்சம் நடுவயது ஆண்களை ஆறாண்டு பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு வந்தது. மொத்தக் கொழுப்பு 160-க்குக் கீழே இருந்தவர்கள் மூளைக் கசிவால் இறப்பது மற்றவர்களைவிட மூன்று மடங்கு. இங்கேதான் நாம் நிறுத்தி வாசிக்க வேண்டும். அந்த மூன்று மடங்கு, கீழ் அழுத்தம் 90-ம் அதற்கு மேலும் இருந்தவர்களிடம் மட்டுமே தெரிந்தது. பிரஷர் கட்டுக்குள் இருந்தவர்களிடம் இல்லை.

அகிதாவிலும் இதுதான், அமெரிக்காவிலும் இதுதான். கொழுப்பு குறைவு என்பது தனியாக நின்று பெரிதாக எதையும் செய்துவிடவில்லை. உயர் ரத்த அழுத்தத்தோடு சேரும்போதுதான் தன் வேலையைக் காட்டுகிறது.

ஊசிக்குப் பிந்தைய கசிவில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. எல்லாப் பக்கவாதமும் கொழுப்புப் படிந்த ரத்தக்குழாயால் வருவதில்லை. இதயம் தாறுமாறாகத் துடிக்கும் நோயில், இதய அறையிலேயே கட்டி உருவாகி மூளைக்குப் பயணிக்கும். இந்த நோயாளிகளிடம் கொழுப்பு சராசரியாகக் குறைவாகவே இருக்கும். கட்டியோ பெரிது, பாதிப்பும் பெரிது, கசிவும் அதிகம். அப்படியானால் கசியவைத்தது குறைந்த கொழுப்பா, பெரிய பாதிப்பா? சத்துக் குறைவு, கல்லீரல் கோளாறு, நாட்பட்ட நோய் எல்லாமே கொழுப்பு அளவைக் கீழே இழுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லாஸ் ஏஞ்சலிஸில் பார்த்த நூறு பேரை வைத்து இதையெல்லாம் பிரித்துப் பார்க்க முடியாது. பின்னர் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம், மற்ற காரணங்களைக் கணக்கில் கழித்துப் பார்த்தபோது கொழுப்பு அளவுக்கும் ஆபத்தான கசிவுக்கும் தனித் தொடர்பு தெரியவில்லை. என் தீர்ப்பும் அந்தப் பக்கமே சாய்கிறது.

ஊசி போடுகிற இடத்திலும் நடைமுறை இதையே சொல்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடாதவர், ரத்தக்கசிவுக் கோளாறு இல்லாதவர் என்றால், ஊசிக்கு முன் கையில் வந்தே ஆக வேண்டிய ரத்தப் பரிசோதனை சர்க்கரை மட்டும்தான். லிப்பிட் ரிப்போர்ட்டுக்காக யாரும் காத்திருப்பதில்லை. ஆனால் ரத்த அழுத்தத்தை விடாமல் துரத்துவார்கள். 185/110-க்குக் கீழே இறங்காமல் மருந்து ஏறாது. ஏறிய பிறகு முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, அடுத்த 6 மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை, பின்பு 24 மணி நேரம் முடியும்வரை மணிக்கு ஒருமுறை அளப்பார்கள். நடுவில் திடீர்த் தலைவலி, வாந்தி, மயக்கம் என்றால் சொட்டு நிற்கும். நோயாளி நேராக சி.டி. ஸ்கேனுக்குப் போவார்.

சரி, ஸ்டாட்டின் மாத்திரை? கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையால் மூளை கசியும் என்ற பேச்சு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதற்கு வேர் ஒன்று உண்டு. 2006-ல் வெளியான ஓர் ஆய்வில், ஏற்கெனவே பக்கவாதமோ அதன் முன்னறிகுறியோ கண்ட 4,731 பேரில் பாதிப்பேர் தினமும் 80 மி.கி. அட்டோர்வாஸ்டாட்டின் சாப்பிட்டார்கள். மீண்டும் பக்கவாதம் வருவது 13.1 சதவீதத்திலிருந்து 11.2 சதவீதமாக இறங்கியது. ஆனால் மூளைக் கசிவு போலி மாத்திரைப் பிரிவில் 33 பேருக்கு, மருந்துப் பிரிவில் 55 பேருக்கு. பயந்துபோய் மறுபடி அலசினார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் கசிந்தது யாருக்கு என்று பார்த்தால், எல்.டி.எல். எவ்வளவு இறங்கியது என்பதோடு தொடர்பே இல்லை. முதுமை, முன்பே கசிவு கண்டிருப்பது, கட்டுப்படாத ரத்த அழுத்தம் ஆகியவைதான் எழுந்து நின்றன. மறுபடியும் பிரஷர்! ஊசி போட்டுக்கொண்ட 4,012 ஐரோப்பிய நோயாளிகளை 2011-ல் ஆராய்ந்தபோதும், முன்பிருந்தே ஸ்டாட்டின் சாப்பிட்டதால் கசிவு கூடியதாகத் தெரியவில்லை.

நிறுத்தினால்தான் வம்பு. ஸ்பெயினில் 2007-ல் செய்த சிறு பரிசோதனை: பக்கவாதம் வருமுன்பே ஸ்டாட்டின் சாப்பிட்டுக்கொண்டிருந்த 89 பேரில் ஒரு பிரிவுக்கு வெறும் மூன்று நாள் மாத்திரையை நிறுத்தினார்கள். மூன்று மாதத்தில் இறந்தவர்களும் பிறர் தயவில் வாழ நேர்ந்தவர்களும் அந்தப் பிரிவில் 60 சதவீதம். தொடர்ந்து சாப்பிட்டவர்களில் 39 சதவீதம். முன்பு ஒருமுறை மூளையில் ரத்தம் கசிந்தவர்கள் மட்டும் ஸ்டாட்டின் வேண்டுமா என்பதை நரம்பியல் மருத்துவரிடம் தனியே கேட்டு முடிவு செய்யலாம். மற்றவர்கள் வாட்ஸ்அப்பை நம்பி மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

வீட்டில் யாருக்காவது முகம் கோணினால், கை விழுந்தால், பேச்சு குழறினால் பழைய லிப்பிட் ரிப்போர்ட்டைத் தேடி பீரோவைத் துழாவாதீர்கள். ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், வந்திருப்பது அடைப்பா கசிவா என்று ஸ்கேன் பார்த்த பிறகுதான் தெரியும். அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். சாப்பிடும் மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துப்போய், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை அதில் இருந்தால் டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள்.