936-இல் கலக்கும் 72

திருச்சி வானொலி 1939 மே 16 அன்று பேசத் தொடங்கியது. மத்திய அலையில் அதன் இடம் 936 கிலோஹெர்ட்ஸ். வைகுண்ட ஏகாதசி விடியலில் ஸ்ரீரங்கத்துப் பரமபத வாசல் திறப்பை வீடுகளுக்குள் கொண்டுவந்த நிலையம் அது. மத்திய அலையைத் திருப்பினால் இப்போது பல வீடுகளில் குரலை முந்திக்கொண்டு வருவது ‘கர்ர்’ இரைச்சல். நிலையத்தின் மேல் பழி போட வேண்டாம். அது பெரும்பாலும் நம் எல்இடி பல்பிலிருந்தும் செல்போன் சார்ஜரிலிருந்தும் கிளம்புகிறது.

பழைய டிரான்ஸ்பார்மர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை அப்படியே குறைத்துக் கொடுத்தது. கனம் அதிகம், தொந்தரவு குறைவு. இன்றைய பல்பிலும் சார்ஜரிலும் உள்ள எஸ்எம்பிஎஸ் என்ற மின்சுற்று, 230 வோல்ட்டை நேர்மின்சாரமாக்கி, டிரான்சிஸ்டரால் நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டுகிறது. சார்ஜர் உள்ளங்கையில் அடங்குவது அதனால்தான். ஆனால் வெட்டு எவ்வளவு திடீரென்று நிகழ்கிறதோ, அவ்வளவு உயரத்துக்கு அதன் மடங்கு அதிர்வெண்கள் ஏறும். 72 கிலோஹெர்ட்ஸில் வெட்டும் பல்பு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் 13-ஆம் மடங்கு சரியாக 936! சுவருக்குள் ஓடும் ஒயரே அதற்கு ஆன்டெனாவாகிவிடுகிறது.

இதை அடக்கும் வழி பொறியாளர்களுக்கு நெடுநாளாகத் தெரியும். மின்சாரம் நுழையும் இடத்தில் ஃபெரைட் என்ற காந்தப் பொருளாலான ஒரு வளையம் வைத்து, இரு கம்பிகளையும் சமமாகச் சுற்ற வேண்டும். போய்த் திரும்பும் மின்னோட்டத்தின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் அதற்குத் தடையில்லை. இரு கம்பியிலும் ஒரே திசையில் ஓடும் இரைச்சலுக்கு மட்டும் வளையம் பெருந்தடை. கம்பிகளுக்குக் குறுக்கே வைக்கும் கெப்பாசிட்டர், அவற்றுக்கிடையே ஓடும் இரைச்சலை உள்ளேயே முடித்துவிடும். டிரான்சிஸ்டரை ஒட்டிய மின்பாதையைப் பலகையில் நெருக்கி அமைத்தாலே பாதி வேலை முடியும். அதற்குச் செலவே இல்லை. டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குள் நிலையத்தைப் பிடித்துத் தரும் கருந்தண்டும் ஃபெரைட்தான் என்பது எனக்கு என்றும் வியப்பு.

மலிவு பல்பில் முதலில் விடுபடுவது இந்த வளையமும் கெப்பாசிட்டரும்தான். வெளிச்சம் குறையாது, வாங்கியவருக்குத் தெரியாது. சுவரோடு சுவர் ஒட்டிய ஸ்ரீரங்கத்து வீடுகளில் நஷ்டம் அடுத்த வீட்டு ரேடியோவுக்கும் சேர்த்துத்தான். குறுக்கீட்டுக்கு வரம்பு வகுக்க சிஸ்பர் என்ற சர்வதேசக் குழு 1934-லேயே அமைந்தது. விளக்குகளுக்கான அதன் வரம்பு ‘சிஸ்பர் 15’. அந்தச் சோதனையில் தேறாத பல்பு கடைக்கே வரக்கூடாது. கேட்பவர் காதைப் பொத்திக்கொள்வது தீர்வாகாது.

அதுவரை, ரேடியோவை பேட்டரியில் பாட விட்டு, பல்பையும் சார்ஜரையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள், குற்றவாளி அகப்படும். ரேடியோவைச் சற்றுத் திருப்பி வைத்தாலும் இரைச்சல் தணியும், ஃபெரைட் தண்டுக்குத் திசை உண்டு. சார்ஜர் ஒயரை ஃபெரைட் வளையத்தில் ஒருமுறை நுழைத்தால் மத்திய அலையில் பெரிய பயனில்லை. சுற்று பத்தானால் தூண்டல் நூறு மடங்காகும்.