வெற்றிடக்குழாய் வானொலி மீளமைப்பு

வெற்றிடக்குழாய் வானொலி மீளமைப்பு என்பது, திரிதடையம் பரவலாவதற்கு முன் செய்யப்பட்ட வானொலிப் பெட்டிகளைப் பழுதுநீக்கி மீண்டும் இயங்கச் செய்யும் பொழுதுபோக்கு ஆகும். இப்பெட்டிகள் பேச்சுவழக்கில் வால்வு ரேடியோ எனப்படுகின்றன. பழைய சுற்றைக் கெடுக்காமல் இக்காலக் கருவிகளை அதனுடன் இணைப்பதும் இதில் அடங்கும்.

பின்னணி

சென்னை வானொலி நிலையம் 1938 சூன் 16 அன்றும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே 16 அன்றும் தொடங்கப்பட்டன. குன்றாண்டார்கோவில் முதலிய புதுக்கோட்டைப் பகுதி ஊர்களுக்கு அண்மையில் இருந்தது திருச்சிராப்பள்ளி நிலையமே. அதன் மத்திய அலை ஒலிபரப்பும் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையும் மர்பி, பிலிப்ஸ், புஷ் முதலிய பெட்டிகளில் கேட்கப்பட்டன. பெட்டி வைத்திருந்தோர் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்தவேண்டியிருந்தது. இம்முறை 1980களில் நீக்கப்பட்டது. பழைய உரிமப் புத்தகம் பெட்டியோடு கிடைத்தால் எறிந்துவிடலாகாது. பெட்டியின் காலத்தைக் கணிக்க அது உதவும்.

பழுதுநீக்கல்

நெடுநாள் கிடந்த பெட்டியை அப்படியே மின்னிணைப்பில் செருகிப் பார்த்தல் பெருஞ்சேதத்தை விளைவிக்கும். குழாய்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். முதலில் கெடுபவை, கடைகளில் கண்டன்சர் எனக் கேட்டு வாங்கப்படும் கொண்மிகளே. மெழுகுத்தாள் கொண்மிகள் ஈரமேறி மின்னைக் கசியவிடும். மின்பகுக் கொண்மிகள் உலர்ந்துவிடும். இவற்றுள் முதன்மையானது, ஒலி மிகைப்பிக் குழாயின் நேர்மின்வாயை வெளியீட்டுக் குழாயின் கம்பிவலையோடு இணைக்கும் சிறு கொண்மி. பல பெட்டிகளில் இதன் மதிப்பு 0.01 மைக்ரோபாரடு. இது கசிந்தால் கம்பிவலையில் நேர்மின்னழுத்தம் ஏறும்; குழாயில் அளவுமீறி மின்னோட்டம் பாயும்; வெளியீட்டு மின்மாற்றி கருகும். சில ரூபாய்ப் பொருளை மாற்றத் தவறியதால், கிடைத்தற்கரிய மின்மாற்றியை இழக்க நேரிடும்.

முதல் இயக்கத்தின்போது 60 வாட்டு இழைவிளக்கு ஒன்றைத் தொடராக இணைப்பது வழக்கம். அது மங்காமல் முழு ஒளியுடன் எரிந்தால் உள்ளே குறுஞ்சுற்று உள்ளது எனக் கொள்ளலாம். எல்.ஈ.டி. விளக்கு இதற்குப் பயன்படாது.

பாதுகாப்பு

யூசிஎச்81, யூசிஎல்82 என 'யூ' வில் தொடங்கும் குழாய்களைக் கொண்ட பெட்டிகளில் தனிப்படுத்தும் மின்மாற்றி பெரும்பாலும் இராது. உலோக அடித்தட்டே வீட்டு மின்கம்பியோடு இணைந்திருக்கும். இருமுனைச் செருகியைத் திருப்பிச் செருகினால் அடித்தட்டில் 230 வோல்ட்டு நிற்கும். குமிழ் கழன்ற தண்டைத் தொடுவதும் உயிருக்கு ஆபத்தாகும். மின்னை நிறுத்திய பின்னரும் மின்பகுக் கொண்மிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். தடையம் ஒன்றின் வழியே அதனை வெளியேற்றிய பின்னரே உள்ளே கைவைக்கவேண்டும்.

புதுமைப்படுத்தல்

பல பெட்டிகளின் பின்புறத்தில் இசைத்தட்டுக் கருவிக்கான இணைப்புத் துளைகள் உள்ளன. புளூடூத் ஏற்பியை அங்கேயே இணைக்கலாம், எதையும் வெட்டவேண்டியதில்லை. ஏற்பியின் இரு ஒலித்தடங்களையும் நேரடியாகச் சேர்க்காது, தலா ஒரு 4.7 கிலோ ஓம் தடையத்தின் வழியே ஒன்றாக்கவேண்டும். மேற்கூறிய 'யூ' வகைப் பெட்டிகளில், தனிப்படுத்தும் மின்மாற்றியின்றி இவ்விணைப்பைச் செய்யவே கூடாது.

உட்பாகங்கள் அனைத்தையும் அகற்றிவிட்டு, வெற்று மரப்பெட்டிக்குள் புதிய மிகைப்பியைப் பொருத்துவோரும் உளர். அதனை வானொலி மீளமைப்பு என்பது பொருந்தாது.

ஏற்பு

இந்தியாவில் விற்கப்பட்ட இவ்வகைப் பெட்டிகள் பலவற்றில் பண்பலை இல்லை. சென்னையிலேயே பண்பலை ஒலிபரப்பு 1977இல்தான் தொடங்கியது. மத்திய அலையில் இரைச்சல் மிகுந்தால், கைப்பேசி மின்னேற்றிகளையும் எல்.ஈ.டி. விளக்குகளையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கவேண்டும். வீட்டுக்கு வெளியே உயரத்தில் கட்டிய நீண்ட கம்பி நல்ல அலைவாங்கியாகும். தொலைவிலுள்ள மத்திய அலை நிலையங்கள் பொதுவாக இருட்டிய பின்னரே கேட்கும்.