சராசரி சொல்லாத சேதி

எழுபத்தெட்டு வயதான என் தமிழாசிரியர், வாரந்தோறும் இணையத்தில் வெளியாகும் குறுக்கெழுத்துப் புதிரைத் தவறாமல் நிரப்பி வந்தவர். அண்மையில் அவரைக் காணச் சென்றபோது, அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டதாகக் கூறினார். காரணம் கேட்டேன். "முடித்தவர்களின் சராசரி நேரம் 20 நிமிடம் என்று போடுகிறார்கள். எனக்கு 40 நிமிடம் ஆகிறது. இரண்டாண்டுக்கு முன் நான் சராசரியை முந்திக்கொண்டிருந்தேன். மறதி நோய் தொடங்கிவிட்டதோ என்று அச்சமாக இருக்கிறது, தம்பி" என்றார்.

அவரை அச்சுறுத்தியது புதிரன்று. அதன் கீழே இருந்த எண்.

1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழில் ஆர்தர் வின் தம் முதல் குறுக்கெழுத்துப் புதிரை வெளியிட்டார். அதை எத்தனை பேர் முடித்தார்கள், எவ்வளவு நேரத்தில் முடித்தார்கள் என்பதை எவரும் அறியார். இன்றோ விடையை அனுப்பிய மறுகணமே முடித்தோர் எண்ணிக்கை, சராசரி நேரம், சரியான விடைகளின் விழுக்காடு ஆகியவை திரையில் தோன்றிவிடுகின்றன. அவற்றை எப்படிப் படிப்பது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

முதலில் சராசரியை எடுத்துக்கொள்வோம். பத்துப் பேரில் ஒன்பது பேர் 10 நிமிடத்தில் முடிக்கிறார்கள். பத்தாமவர் இடையில் கடைவீதிக்குப் போய்வந்து, 190 நிமிடத்தில் முடிக்கிறார். சராசரி 28 நிமிடம் என்று வரும். உண்மையில் 28 நிமிடம் எடுத்துக்கொண்டவர் ஒருவர்கூட இல்லை. நேரங்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதைப் பார்க்கும் இடைநிலை அளவு, 10 நிமிடம் என்று சரியாகச் சொல்லிவிடும். மேலும், தாளில் எழுதி முடித்துவிட்டுப் பின்னர்த் தட்டச்சு செய்பவருக்கு இரண்டே நிமிடம் பதிவாகும். கடிகாரம் அளப்பது பக்கம் திறந்திருந்த நேரத்தையே. சிந்தித்த நேரத்தை அன்று.

வேகத்தை முறையாக ஒப்பிட வேண்டுமென்றால், எல்லோருக்கும் ஒரே சூழல் இருக்க வேண்டும். 1942 ஜனவரியில் லண்டனின் 'டெய்லி டெலிகிராஃப்' நாளிதழ் ஒரு போட்டி நடத்தியது. போட்டியாளர்களை ஓரிடத்தில் கூட்டி, மேற்பார்வையாளர் முன்னிலையில் 12 நிமிடத்துக்குள் புதிரை முடிக்கச் சொன்னது. அதில் திறமை காட்டிய சிலரைப் பின்னர் அரசு, பிளெட்ச்லி பூங்காவின் சங்கேதக் குறி உடைக்கும் பணிக்கு அழைத்துக்கொண்டது. அந்த நேரக் கணக்குக்குப் பொருள் இருந்தது. வீட்டில் தேநீர் அருந்தியபடி நிரப்பும் புதிருக்கு அதே பொருளைக் கொடுக்க இயலாது.

விழுக்காடும் இப்படித்தான். விடை தவறு என்று கணினி உடனே காட்டினால், சரியாகும் வரை திருத்தி அனுப்புவோர் பலர். அங்கே 98 விழுக்காடு என்பது அறிவின் அளவன்று, விடாமுயற்சியின் அளவு.

இவை எல்லாவற்றினும் பெரிய பிழை, முடித்தவர்களை மட்டுமே எண்ணுவது. எளிய புதிரை நூறு பேரில் எண்பது பேர் முடிக்கிறார்கள். சராசரி 25 நிமிடம். கடினமான புதிரை இருபது பேர்தான் முடிக்கிறார்கள். அவர்கள் அனைவரும் கைதேர்ந்தவர்கள் என்பதால் சராசரி 18 நிமிடம். பட்டியலை மட்டும் பார்ப்பவருக்குக் கடினமான புதிரே எளியதாகத் தோன்றும்! இரண்டாம் உலகப் போரின்போது, திரும்பி வந்த விமானங்களில் குண்டு துளைத்த இடங்களை வைத்துக் கவசம் பொருத்துவது பற்றி ஆராய்ந்த புள்ளியியலாளர் ஆபிரகாம் வால்டு, திரும்பி வராத விமானங்களையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று உணர்த்தியது இதே பாடத்தைத்தான்.

ஆசிரியர் தம் நேரங்களை நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தார். இருவரும் புரட்டிப் பார்த்தோம். இரண்டாண்டுக்கு முன்பும் அவருக்கு 40 நிமிடம்தான் ஆகியிருக்கிறது. அப்போது நூறு பேருக்கு மேல் முடித்தார்கள். சராசரி 45 நிமிடம். இப்போது முடிப்பவர்கள் முப்பது பேர், சராசரி 20. "ஐயா, நீங்கள் பின்தங்கவில்லை. உங்களைவிட மெதுவாக நிரப்பியவர்கள் விலகிப் போய்விட்டார்கள்" என்றேன். மறதி குறித்த ஐயம் இன்னும் இருந்தால் அதை மருத்துவர் தீர்க்கட்டும். அதற்குப் புதிரின் பட்டியல் சான்றாகாது.

விலகியவர்களில் எத்தனை பேர் இவரைப் போலவே எண்ணைக் கண்டு அஞ்சியிருப்பார்கள்? ஒருவர் விலகினால் சராசரி இன்னும் குறைகிறது. குறைந்த சராசரி அடுத்தவரை விரட்டுகிறது. நூறு விழுக்காடு தேர்ச்சியைக் காட்டப் பின்தங்கிய மாணவரைத் தேர்வுக்கு முன்பே வெளியேற்றும் பள்ளியின் கணக்கும் இதுவே. எந்த விழுக்காட்டைக் கண்டாலும் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'இதில் எண்ணப்படாதவர் யார்?' என்பதுதான்.

விடைபெறும்போது ஆசிரியர் சொன்னார்: "அப்படியானால் இந்த வாரம் நான் நிரப்பத்தான் வேண்டும். இல்லாவிட்டால் எனக்குப் பின்னால் இருப்பவர் பயந்துவிடுவார்."